உங்கள் மகள் எந்த நாட்டில் கையெழுத்திடப் போகிறார்?

கேள்வி: நான் செங்காங்கில் வசிக்கிறேன். திருச்சியில் தாதிமை படித்துவிட்டுச் சிங்கப்பூரில் வேலைக்கு வந்து, இங்கேயே குடியேறியவள். என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கட்டடக் கலைப் பட்டயப் படிப்பை முடித்திருக்கிறாள். கட்டடக் கலைஞராக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கல்விக் கண்காட்சியில் சந்தித்த முகவர் ஒருவர், பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் முதலாண்டிலிருந்து விலக்கு வாங்கித் தருவதாகவும், இரண்டே ஆண்டில் அனைத்துலக அங்கீகாரம் பெற்ற பட்டத்துடன் திரும்பிவிடலாம் என்றும் சொல்கிறார். திருச்சியில் ஐந்தாண்டு பி.ஆர்க். படிக்க வைத்தால் செலவு குறையும் என்பது என் அண்ணனின் யோசனை. உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. எங்கள் சேமிப்பு முழுவதையும் இதில் போட வேண்டியிருக்கும். அங்கீகாரம் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது உண்மையில் எதைக் குறிக்கிறது? எதை நம்பிப் பணம் கட்டுவது?

பதில்:

அன்புள்ள அம்மையாருக்கு, வணக்கம்.

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் சொந்த அனுபவத்திலேயே இருக்கிறது. திருச்சியில் வாங்கிய சான்றிதழைக் காட்டியதும் இங்கே உங்களை நோயாளியின் படுக்கையருகே விட்டுவிடவில்லை. தாதியர் வாரியம் அந்தப் படிப்பை ஏற்று, உங்கள் பெயரைப் பதிவேட்டில் சேர்த்த பிறகுதான் இந்நாட்டில் நீங்கள் தாதியானீர்கள். கட்டடக் கலையிலும் இதே ஒழுங்குதான். படிப்பைத் தருவது ஓர் இடம், அந்தப் படிப்பின் தரத்தை ஆராய்ந்து சான்று சொல்வது இன்னோர் இடம், தொழில் செய்ய உரிமை தருவது மூன்றாவது இடம். முகவர்கள் இம்மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துப் பேசுவதால்தான் உங்களைப் போன்ற பெற்றோர் குழம்பிப்போகிறார்கள்.

சிங்கப்பூரில் 1991ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டப்படி, கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு செய்யாத எவரும் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று அழைத்துக்கொள்ள முடியாது. பதிவு பெற, வாரியம் ஏற்கும் கல்வித் தகுதி வேண்டும். அதன்மேல் இரண்டாண்டு நடைமுறை அனுபவம் வேண்டும், அதில் ஒரு பகுதி சிங்கப்பூரிலேயே பெற்றதாக இருக்க வேண்டும். பிறகு தொழில்முறைத் தேர்வில் தேற வேண்டும். பதிவுக்குப் பின் ஆண்டுதோறும் தொழில் நடத்தும் சான்றிதழைப் புதுப்பித்து வருபவர்தான் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் ஒப்புதலுக்குச் செல்லும் வரைபடங்களில், துறையில் கியூபி என்று அழைக்கப்படும் தகுதிபெற்ற நபராகக் கையெழுத்திட முடியும். ஆகவே, நீங்களும் மகளும் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது எந்தப் பல்கலைக்கழகம் என்பதைப் பற்றி அன்று, எந்த நாட்டில் அவர் கையெழுத்திட விரும்புகிறார் என்பதைப் பற்றித்தான். அதற்கு விடை தெரிந்தால், அந்நாட்டுப் பதிவு வாரியத்தில் தொடங்கி, பின்னோக்கி நடந்து, கல்லூரி வாசலுக்கு வந்து சேரலாம். கல்லூரி வாசலில் தொடங்குகிறவர்கள் பலர் வாரியத்தின் வாசலில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

அப்படி நின்றுபோன ஒருவருடன் நான் பல ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணியாற்றியிருக்கிறேன். அமெரிக்காவில் பேர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு ஆண்டு படித்து, கட்டடக் கலை என்ற சொல்லைத் தாங்கிய அறிவியல் இளங்கலைப் பட்டத்துடன் திரும்பியவர் அவர். எங்களில் எவரையும்விட அழகாக வரைவார். ஆனால், அமெரிக்காவில் 1940 முதல் இயங்கிவரும் தேசிய கட்டடக் கலை அங்கீகார வாரியம் பி.ஆர்க்., எம்.ஆர்க்., டி.ஆர்க். (இளநிலை, முதுநிலை, முனைவர்) என்னும் மூன்று தொழில்முறைப் பட்டங்களுக்கே அங்கீகாரம் தருகிறது. அவர் வாங்கியிருந்தது அவற்றுக்கு முன்படியான பட்டம். அதே பல்கலைக்கழகத்தின் எம்.ஆர்க். அங்கீகாரம் பெற்றிருந்தது, அவருடைய பட்டம் பெறவில்லை. கையேட்டில் அங்கீகார முத்திரை இருந்ததைப் பார்த்த அவருடைய பெற்றோர், அது எந்தப் பட்டத்துக்குரியது என்று கேட்கவில்லை. அவர் வரைந்த கட்டடங்கள் இன்று இத்தீவில் எழுந்து நிற்கின்றன. அவற்றின் வரைபடங்களில் அடியில் இருப்பதோ வேறொருவரின் கையெழுத்து. முப்பத்தெட்டு வயதில், குழந்தைகளை விட்டுவிட்டு, எஞ்சிய படிப்பை முடிக்க அவர் மீண்டும் விமானம் ஏறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆகவே முதல் பாடம் இது: அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்குக் கிடைப்பதில்லை, ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு, ஒரு குறிப்பிட்ட காலத்துக்குக் கிடைக்கிறது. அமெரிக்க வாரியம் தரும் மிக நீண்ட காலம் எட்டு ஆண்டு. அதன்பின் மறுபடியும் ஆராய்வார்கள். தாய்வளாகத்தில் நடக்கும் படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் வேறு நாட்டிலுள்ள கிளை வளாகத்துக்குத் தானாக வந்து சேர்ந்துவிடாது. புதிதாகத் தொடங்கிய படிப்பு எனில், முதல் அணி மாணவர்கள் வெளியேறும்வரை அது வேட்பு நிலையிலேயே, அதாவது முழு அங்கீகாரத்துக்குக் காத்திருக்கும் நிலையிலேயே, இருக்கலாம். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நம் மக்களிடையே இந்தக் குழப்பம் அதிகம்: இங்குள்ள தனியார் கல்விநிலையங்கள் விளம்பரப்படுத்தும் எடுடிரஸ்ட் சான்றிதழ், அந்நிலையம் எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது, மாணவரின் கட்டணத்துக்கு என்ன பாதுகாப்பு என்பன போன்றவற்றைப் பற்றியது. அங்கே கற்பிக்கப்படும் கட்டடக் கலைப் படிப்பைக் கட்டடக் கலைஞர் வாரியம் ஏற்கிறதா என்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

இப்போது முகவரின் வாக்குறுதிக்கு வருகிறேன். அவர் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் ரிபா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச கழகம், கட்டடக் கலைஞர் உருவாகும் பாதையை பார்ட் 1, பார்ட் 2, பார்ட் 3 என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது. பெரும்பாலும் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பார்ட் 1. அதற்குப் பிறகு வழக்கமாக ஓராண்டு அலுவலகப் பயிற்சி. பின் இரண்டாண்டு முதுநிலைப் பட்டம் பார்ட் 2. மேலும் பயிற்சிக்குப் பின் எழுதும் தொழில்முறைத் தேர்வு பார்ட் 3. உங்கள் மகளுக்குக் காட்டப்பட்ட பட்டம் ரிபாவின் சான்று பெற்றது என்றே வைத்துக்கொண்டாலும், அது பார்ட் 1க்கு உரிய சான்று. அதாவது வீட்டின் அடித்தளத்துக்குக் கிடைத்த ஒப்புதல். சிங்கப்பூரில் படிப்பவர்களே இளநிலைப் பட்டத்தோடு நின்றால் பதிவுக்குப் போக முடியாது, முதுநிலையும் முடிக்க வேண்டும் என்னும்போது, மூன்றாண்டுப் பட்டம் ஒன்று மட்டும் அவரைக் கட்டடக் கலைஞராக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை. ஆகவே முகவர் சொன்ன தொகையை முழுச் செலவாகக் கொள்ளாதீர்கள். முதுநிலையின் இரண்டாண்டுக் கட்டணம், அந்நகரத்து வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டிய பிறகு வரும் எண்தான் உங்கள் உண்மையான கணக்கு. மத்திய சேம நிதியின் கல்வித் திட்டத்தை வெளிநாட்டுப் படிப்புக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலாண்டு விலக்கைப் பற்றி எனக்கு இன்னும் பெரிய தயக்கம் உண்டு. யுனெஸ்கோவும் அனைத்துலகக் கட்டடக் கலைஞர் ஒன்றியமும் சேர்ந்து 1996இல் வெளியிட்டு, பின்னர் பலமுறை திருத்திய கட்டடக் கலைக் கல்விச் சாசனம், குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் படிப்பை அளவுகோலாக வைக்கிறது. 2007 நவம்பரில் ஆசியான் நாடுகள் செய்துகொண்ட கட்டடக் கலைச் சேவைகளுக்கான பரஸ்பர ஏற்பு உடன்பாட்டின்படி ஆசியான் கட்டடக் கலைஞராகப் பதிவுபெற விரும்புபவருக்கும், பத்தாண்டு அனுபவம் முதலிய பிற நிபந்தனைகளோடு, அங்கீகாரம் பெற்ற ஐந்தாண்டுக்குக் குறையாத படிப்பு வேண்டும். பட்டயப் படிப்பில் உங்கள் மகள் செலவிட்ட மூன்றாண்டு வீண் அன்று. வரைபடம், கட்டுமானப் பொருள்கள், கணினி மென்பொருள் இவற்றில் நேராகப் பல்கலைக்கழகம் புகும் மாணவரைவிட அவர் முன்னே இருப்பார். ஆனால் பல்கலைக்கழகம் ஓராண்டைக் கழித்துக்கொள்வது ஒரு முடிவு, பதிவு வாரியம் அதை ஒப்புக்கொள்வது வேறொரு முடிவு. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து, இரண்டாண்டு இளநிலையும் இரண்டாண்டு முதுநிலையும் முடித்தவரின் மொத்தப் படிப்பை வாரியம் எவ்வாறு எடுத்துக்கொள்ளும் என்று, பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள். மேலும், பிரிட்டனின் பதிவு வாரியம் படிப்புகளை அங்கீகரிக்கும் முறை இப்போது மாற்றத்தில் இருக்கிறது. பார்ட் 1ஐத் தனியாகப் பார்க்கும் பழைய ஏற்பாட்டை விட்டு, முதுநிலை முடிவில் மாணவர் எதையெல்லாம் செய்யத் தெரிந்தவராக இருக்கிறார் என்று பார்க்கும் ஏற்பாட்டுக்கு நகர்ந்து வருகிறார்கள். எனவே இன்றைய விதியைவிட, உங்கள் மகள் பட்டம் வாங்கும் ஆண்டில் இருக்கப்போகும் விதியே முக்கியம்.

உண்மையில் அங்கீகாரம் எதைக் குறிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டுக் கட்டடக் கலைப் பள்ளி ஒன்றை ஆராயச் சென்ற குழுவில் வெளி உறுப்பினராக இருந்தேன். ஓர் அறை முழுவதையும் எங்களுக்காக ஒதுக்கியிருந்தார்கள். சுவர்களில் சிறந்த மாணவர்களின் படைப்புகள், மேசைமேல் வழவழப்பான மாதிரிகள். குழுத் தலைவர் அவற்றை நின்று பார்க்கவில்லை. ஓரத்தில் வரிசையாக இருந்த பெட்டிகளில், தேர்ச்சி பெற்றவர்களிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவரின் தொகுப்பை எடுத்து வரச் சொன்னார். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் வரைந்த சிறிய நூலகம் அதில் இருந்தது. தீ விபத்தின்போது மக்கள் இறங்கிவர வேண்டிய படிக்கட்டு, தரைத்தளத்தில் ஒரு பண்டக அறைக்குள் போய் முடிந்திருந்தது. அந்தப் படிக்கட்டின் மேல் ஆசிரியர் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, "இந்தக் கதவைத் திறந்தால் என்ன தெரியும்?" என்று எழுதியிருந்தார். அடுத்த தாளில், விடுமுறையில் அதே மாணவர் திருத்தி வரைந்த வடிவம் இருந்தது. படிக்கட்டு இப்போது தெருவில் வந்து இறங்கியது. அந்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் விவாதித்தோம். ஒரு பள்ளியின் மிகச் சிறந்த மாணவர் எங்கே படித்தாலும் சிறந்து விளங்குவார். மிகப் பின்தங்கிய மாணவரும் மக்களுக்கு ஆபத்தில்லாத கட்டடத்தை வரையத் தெரிந்தவராகத்தான் வெளியே போகிறார் என்பதற்கு ஒரு பள்ளி தரும் உறுதிமொழியே அங்கீகாரம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் நாம் அனைவரும் நாள்தோறும் அந்த உறுதிமொழியின் மேல்தான் படியேறி இறங்குகிறோம்.

அன்று மாலை, ஆசிரியர் எவரும் இல்லாமல் மாணவர்களை மட்டும் சந்தித்தோம். ஒரு பெண் தயங்கித் தயங்கி, மாதிரி செய்யும் பட்டறையை மாலை ஆறு மணிக்கே பூட்டிவிடுவதால் அட்டையையும் கத்தியையும் சுமந்துகொண்டு விடுதித் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வேலை செய்வதாகச் சொன்னார். எங்கள் அறிக்கையில் அது ஒரு நிபந்தனையாக இடம்பெற்றது. பாடத்திட்டத்தோடு, ஆசிரியர் எண்ணிக்கை, ஸ்டூடியோவில் ஒவ்வொரு மாணவருக்கும் சொந்தமாக ஒரு மேசை, நூலகம், பட்டறை, ஆசிரியர்களில் எத்தனை பேர் வெளியே தொழில் செய்பவர்கள் என்பவை எல்லாம் இத்தகைய ஆய்வில் எண்ணிப் பார்க்கப்படும். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அதன் கடைசி ஆய்வறிக்கையைக் கேளுங்கள். இணையத்தில் வெளியிடும் பள்ளிகளும் உண்டு. அதில் நிபந்தனைகள் என்ற பகுதியை முதலில் படியுங்கள்.

அனைத்துலக அங்கீகாரம் என்ற சொற்றொடரைப் பற்றியும் தெளிவுபடுத்த வேண்டும். எல்லா நாட்டிலும் செல்லுபடியாகும் ஒரே அங்கீகாரம் கட்டடக் கலையில் கிடையாது. 2008இல் கையெழுத்தான கன்பரா உடன்பாடு, அமெரிக்கா, கனடா, சீனா, கொரியா, மெக்சிகோ முதலிய நாடுகளின் அங்கீகார அமைப்புகளும் காமன்வெல்த் கட்டடக் கலைஞர் சங்கமும், ஒன்றின் ஆய்வு முறையை மற்றொன்று பெரிதும் நிகரானது என்று ஏற்கச் செய்தது. அது கல்வித் தகுதியை ஒப்பிடும் ஏற்பாடு. தொழில் உரிமத்தை எந்த நாட்டிலும் தானாகப் பெற்றுத் தராது. பொறியியலுக்கு வாஷிங்டன் உடன்பாடு இருக்கிறது, சிங்கப்பூர் 2006 முதல் அதில் முழு உறுப்பு நாடு. அதை நினைத்துக்கொண்டு கட்டடக் கலைக்கும் அப்படியே என்று எண்ணும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேறு வேறு.

உங்கள் அண்ணனின் யோசனையைத் தள்ளிவிட வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர் சட்டத்தின்கீழ் இயங்கும் கட்டடக் கலை மன்றம், பி.ஆர்க். படிப்பை ஐந்தாண்டாக வகுத்திருக்கிறது. குறைந்தபட்சத் தரத்துக்கான விதிகளை 2020இல் புதுப்பித்தும் இருக்கிறது. நாட்டா நுழைவுத் தேர்வுக்கு உங்கள் மகள் தயாராக வேண்டியிருக்கலாம். திருச்சியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைப் பள்ளி போன்ற நல்ல இடங்கள் தமிழகத்தில் இருக்கின்றன. வெயிலையும் மழையையும் முற்றத்தையும் திண்ணையையும் பாடமாகக் கற்பதற்கு அதைவிடச் சிறந்த ஊர் குறைவு. ஆனால் மன்றத்தின் ஒப்புதல், இந்தியாவில் பதிவு செய்துகொள்ள வழிவிடும் ஒப்புதல். சிங்கப்பூர் வாரியம் தான் ஏற்கும் தகுதிகளைத் தனியாகப் பட்டியலிடுகிறது. அண்ணன் மனத்தில் வைத்திருக்கும் கல்லூரியின் பெயரும் பட்டத்தின் பெயரும் அந்தப் பட்டியலில் எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையெனில், ஐந்தாண்டு முடித்து வந்தபின் இங்கே இன்னொரு முதுநிலைப் படிப்பு தேவைப்படலாம். அப்போது செலவு குறைவு என்ற வாதம் நிற்காது. மகள் இந்தியாவிலேயே தொழில் செய்யத் தயார் என்றால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

உள்ளூரைப் பொறுத்தவரை என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இங்கே 1958இல் சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தொடங்கிய கட்டடக் கலைக் கல்வி, 1969இல் பல்கலைக்கழகத்துக்கு மாறியது; இன்று சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும், 2012இல் முதல் மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்திலும் இளநிலை முதல் முதுநிலை வரை படிக்கலாம். இங்கேயே வாழவும் தொழில் செய்யவும் விரும்புகிறவருக்கு, இவ்விரண்டில் ஒன்றில் இடம் கிடைத்தால், அதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. இவ்வாண்டு இடம் கிடைக்காவிட்டால், அவசரப்பட்டு முகவரிடம் ஓடுவதைவிட, ஓராண்டு கட்டடக் கலை நிறுவனம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்து, கட்டுமானத் தளத்தையும் கண்ணால் கண்டு, படைப்புத் தொகுப்பை மேம்படுத்திக்கொண்டு மீண்டும் விண்ணப்பிக்கச் சொல்வேன். ஓராண்டு தாமதம் பெரிய இழப்பாக உங்களுக்குத் தோன்றும், ஆனால் தவறான பட்டம் எத்தனை ஆண்டுகளைத் தின்றுவிடும் என்பதை மேலே சொன்ன நண்பரிடம் கண்டேன்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. முகவர் காட்டிய பட்டத்தின் முழுப் பெயர், எந்த வளாகம், எந்த ஆண்டு சேர்ந்து எந்த ஆண்டு முடிப்பது, இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது, பின்னர் எந்த முதுநிலைப் படிப்பு என்னும் விவரங்களை எழுதி, இப்பாதையில் முடித்தவரின் தகுதியை ஏற்பீர்களா என்று கட்டடக் கலைஞர் வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். திருச்சிக் கல்லூரிக்கும் அப்படியே தனியாக ஒன்று. அதே நாளில் அந்தப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைத் துறைக்கு நேரடியாக எழுதி, சான்று பார்ட் 1க்கு மட்டுமா, பார்ட் 2க்கும் உண்டா, அது எந்த ஆண்டுவரை செல்லும், அப்பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் படிப்பில் அதன் இளநிலை மாணவர்களுக்கு இடம் உறுதியா என்று கேட்கச் சொல்லுங்கள். முகவர் மூலமாகக் கேட்க வேண்டாம். முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி என்று அவர் நாள் குறித்திருந்தால், அந்த நாள் கடந்துபோகட்டும். வாரியத்தின் பதில் கையில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.

கடிதங்களை உங்கள் மகளே எழுதட்டும். பதில்கள் வந்ததும் பெயர், அடையாள எண் எதுவும் இல்லாமல் எனக்கு அனுப்பிவையுங்கள். பட்டத்தின் பெயரையும் பட்டியலையும் பக்கத்தில் வைத்து நான் ஒருமுறை சரிபார்த்துச் சொல்கிறேன்.